நெல்சன் இழந்த கையும் லோரா ஷோ இழக்காத காலும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுந்த எவரும் நெல்சனைத் தொடாமல் சென்றதில்லை. 1775 ஆம் ஆண்டில் 'சீஹோர்ஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் 16 வயதுப் பயிற்சி மாலுமியாக அவர் இத்துறைமுகத்துக்கு வந்து சென்றதும், உலகின் மிகச் சிறந்த துறைமுகம் இதுவே என்று அவர் புகழ்ந்ததாகச் சொல்லப்படுவதும் எங்கள் பகுதிப் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் ஒப்புவிக்கப்படும் செய்திகள். இக்கட்டுரையும் நெல்சனிடமிருந்தே தொடங்குகிறது. ஆனால் அவர் புகழ்ந்த துறைமுகம் இங்கு நமக்குப் பொருளன்று. அவர் பின்னாளில் இழந்த வலக்கையும், அதனை அவர் ஏன் இழக்க நேர்ந்தது என்பதுமே நமக்குப் பொருள்.

1797 ஜூலை 24 ஆம் திகதி நள்ளிரவு, கனாரித் தீவுகளில் உள்ள சாந்தா குரூஸ் துறைமுகத்தைத் தாக்கும் நோக்குடன் படகிலிருந்து கரையிறங்கும் வேளையில், துப்பாக்கிக் குண்டொன்று நெல்சனின் வலது முழங்கைக்கு மேலே பாய்ந்து எலும்பை நொறுக்கியது. கையின் பெருநாடியும் அறுந்தது. உடனிருந்த அவருடைய மனைவியின் மகன் யோசையா நிஸ்பெற், கழுத்துத் துணியால் கையை இறுகக் கட்டி இரத்தப் பெருக்கை அடக்கினான். அவன் அதைச் செய்யாதிருந்தால் டிரபல்கர் சமரின் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும். படகு முதலில் அணுகிய கப்பலின் பெயரும் 'சீஹோர்ஸ்' என்பது ஒரு விந்தை. திருகோணமலைக்கு வந்த பழைய கப்பல் அன்று. அதே பெயர் கொண்ட புதிய கப்பல். அக்கப்பலின் தளபதி கரையில் என்ன ஆனார் என்று தெரியாத நிலையில், கப்பலில் இருக்கும் அவருடைய மனைவியின் முன்னால் இந்தக் கோலத்தில் சென்று நிற்கமாட்டேன் என்று நெல்சன் மறுத்துவிட்டார். இறுதியில் 'தீசியஸ்' கப்பலில் தோமஸ் எஷெல்பி என்ற சத்திரசிகிச்சையாளர் கையை மேற்புறமாக வெட்டி அகற்றினார். மயக்க மருந்து கண்டறியப்பட இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. கத்தியின் குளிர்ச்சியே தம்மை அதிகம் வருத்தியது என்று நெல்சன் கூறினார். அதன்பின் சமருக்கு முன்னர் கத்திகளைச் சூடாக்கி வைக்கும்படி கட்டளையிட்டதாகவும் சொல்வர். அறுந்த நாடியைக் கட்டிய பட்டு நூலில் ஒரு நரம்பும் அகப்பட்டுக்கொண்டது என்று கருதப்பட்டது. அந்த நூல் டிசெம்பரில் கழன்று விழும்வரை அவர் பட்ட வேதனை கொஞ்சமன்று.

எலும்பு நொறுங்கியதற்காக மட்டும் அந்தக் கை வெட்டப்படவில்லை. பெருநாடி அறுந்த உறுப்பைக் காப்பாற்றும் வழி அன்று உலகில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 16 ஆம் நூற்றாண்டில் அம்புரோய்ஸ் பாரே என்னும் பிரெஞ்சு வைத்தியர் வெட்டிய இடத்தில் நாடிகளை நூலால் கட்டும் முறையைப் போர்க்களத்தில் பயன்படுத்தியதிலிருந்து ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு, குருதிநாடி தொடர்பாகச் சத்திரசிகிச்சையாளர் அறிந்த பெரும் வித்தை கட்டுவதும் வெட்டுவதும்தான். 1782 செப்டெம்பர் 3 ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் மோதிய சமரில் கைகால்கள் சிதைந்த மாலுமிகளுக்கும் இதே கத்தியும் நூலும்தான் வாய்த்தன. வரலாற்று நூல்கள் அச்சமரை எந்தக் கப்பல் எந்தத் திசையில் திரும்பியது என்ற கணக்காகவே எழுதுகின்றன.

இந்த வித்தை தமிழில் எழுதப்பட்ட காலமும் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 60 பேருக்கு மேல் அவரிடம் பயின்று வைத்தியராயினர். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து வெளியிட்ட நூல்களில் 1867 இல் வந்த 'இரணவைத்தியம்' சத்திரசிகிச்சைக்கு உரியது. உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழ்ச் சொல் தேடி அலைந்த அந்த முயற்சியை நினைக்கும்போது, இன்று தன் காலில் என்ன நோய் என்பதைத் தமிழில் கேட்டறிய முடியாமல் ஒரு நோயாளி பிற மாகாண வைத்தியசாலையின் வாங்கில் அமர்ந்திருக்க நேர்வதை எண்ணி வெட்கப்படவேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழில் நாம் நாடி என்று கூறுவதைத் தமிழகத்தார் தமனி என்பர். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய் என்று இரு சாராரும் கொள்க.

குண்டடி படாமலே நாடி அடைபடும் நோய் ஒன்றுண்டு. அதுதான் இன்று நம்மவரின் கால்களைத் தின்றுகொண்டிருக்கிறது. நாடியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது. குறுகிய வழியால் அது கிடைப்பதில்லை. தசை இறுகி நோகிறது. நின்றால் நோவு தணிகிறது, நடந்தால் மீண்டும் வருகிறது. 1831 இல் பிரான்சில் பூலே என்ற கால்நடை வைத்தியர் இதனை முதலில் ஒரு வண்டிக் குதிரையில் கண்டு எழுதினார். மனிதனுக்கும் இது உண்டென்பதைப் புகழ்பெற்ற சார்க்கோ 1858 இல் எழுதினார். குதிரைக்குக் கிடைத்த கவனிப்பு மனிதனுக்குக் கிடைக்க 27 ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பரீட்சைக் களமே இருக்கிறது. பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில், முதியவர்கள் சிலர் பாதி வழியில் நின்று மான்களைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வார்கள். இரண்டு நிமிடம் கழிந்ததும் நடப்பார்கள். ஏறத்தாழ அதே தூரத்தில் மீண்டும் நிற்பார்கள். மூச்சு வாங்கி நிற்பவர் ஒரு வகை. கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு நிற்பவர் வேறு வகை. இரண்டாமவரிடம் கேட்டால் 'வாதம்' என்பார், அல்லது 'நரம்பு இழுக்குது' என்பார். எண்ணெய் பூசுவார். அடுத்த கட்டம் இரவில் படுத்திருக்கும்போதே பாதம் நோவது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சற்றுச் சுகம் தெரியும். அதற்கடுத்த கட்டம் ஆறாத புண், கறுத்த விரல். அப்போதுதான் வைத்தியசாலை நினைவுக்கு வருகிறது.

புகையிலை இந்நோயின் நெருங்கிய கூட்டாளி. சுருட்டும் பீடியும் புகைக்கும் இளம் ஆண்களின் சிறு நாடிகள் வீங்கி அடைபடும் வேறொரு நோயை 1908 இல் லியோ பேர்கர் நியூயோர்க்கில் விவரித்தார். தெற்காசியாவில் அது அரிதன்று. ஆனால் இன்றைய பெரும் பகைவன் நீரிழிவு. 2005–2006 காலத்தில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. நீரிழிவு செய்யும் வஞ்சகம் இரட்டை வஞ்சகம். முழங்காலுக்குக் கீழே, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமேயுள்ள நாடிகளை அது தெரிந்தெடுத்து அடைக்கிறது. கூடவே நரம்புகளையும் கெடுத்து நோவை மறைக்கிறது. முள் தைத்ததும் தெரியாது, செருப்பு வெட்டியதும் தெரியாது. இரத்தம் போகாத பாதத்தில் புண் ஆறுவதுமில்லை.

அடைப்பை நீக்கவேண்டுமானால் முதலில் அதைப் பார்க்கவேண்டும். றொன்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்து இரு மாதங்கள் கழிவதற்குள், வியன்னாவில் ஹாசெக், லிண்டென்தால் என்ற இருவர் இறந்த ஒருவரின் கையில் சுண்ணக் கலவையைச் செலுத்தி நாடிகளைப் படமெடுத்துவிட்டனர். உயிருள்ள மனிதரில் அதைச் செய்வதற்குப் பாதுகாப்பான மருந்தும் துணிவும் தேவைப்பட்டன. அவை போர்த்துக்கலில் சேர்ந்தன. லிஸ்பன் நகரில் ஏகாஸ் மொனிஸ் 1927 இல் மூளையின் நாடிகளையும், றெனால்டோ டொஸ் சாந்தோஸ் 1929 இல் முதுகுப்புறமாக நீண்ட ஊசியை ஏற்றி வயிற்றுப் பெருநாடியையும் படமெடுத்தனர். கேட்கவே உடல் கூசும் இம்முறையை எளிதாக்கியவர் ஸ்வென் ஐவர் செல்டிங்கர் என்ற சுவீடன் நாட்டு இளைஞர். 1953 இல் அவர் வெளியிட்ட உத்தி மிகச் சிறியது: ஊசியால் நாடியைக் குத்துக, ஊசியின் உள்ளே மெல்லிய கம்பியைச் செலுத்துக, ஊசியை உருவுக, கம்பியின் மேலாக மென்குழாயை ஏற்றுக. கலாநிதிப் பட்டத்துக்கு இது போதாது என்று அவருடைய மேலாசிரியர் கூறிவிட்டார். அந்தப் போதாத உத்தியின் மீதுதான் இன்று உலகெங்கும் இதய நோய்க்கும் கால் நோய்க்கும் செய்யப்படும் குழாய்ச் சிகிச்சை முழுவதும் நிற்கிறது.

இதற்கிடையில் சத்திரசிகிச்சையாளரும் சும்மா இருக்கவில்லை. டொஸ் சாந்தோசின் மகன் 1946 இல் நாடியைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்தார். 1948 இல் பாரிசில் குன்லின் என்பவர் நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைத்தார். இரண்டாம் உலகப் போர் இத்துறைக்குக் கசப்பான பள்ளிக்கூடம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே காலை, மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 'வீற்றா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது. அந்தப் போரில் நாடிக் காயம் பட்ட அமெரிக்கப் போர்வீரர் 2471 பேரின் பதிவுகளை டிபேக்கியும் சிமியோனும் 1946 இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 40 சதவீதத்தினர் உறுப்பை இழந்திருந்தனர். கொரியப் போரில் நாடியைக் கட்டாமல் தைக்கத் தொடங்கியதும் அது 13 சதவீதம் அளவுக்கு இறங்கியது. வெறும் கத்தித் திறமையால் வந்த இறக்கம் அன்று இது. காயம்பட்டவரை ஹெலிகொப்டரில் ஏற்றி உரிய நேரத்தில் கொண்டுவந்ததும் சேர்ந்த இறக்கம்.

இனி லோரா ஷோவிடம் வருவோம். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகர வைத்தியசாலையில் 1964 ஜனவரியில் படுத்திருந்த 82 வயது மூதாட்டி அவர். இடது பாதம் குளிர்ந்து, புண் வைத்து, விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுத்துவிடவேண்டும் என்றனர் வைத்தியர்கள். எடுக்க விடமாட்டேன் என்றார் அவர். மருத்துவ வரலாறு சில வேளை மேதைகளால் நகர்கிறது. இங்கு அது ஒரு கிழவியின் பிடிவாதத்தால் நகர்ந்தது. அங்கு கதிரியல் துறைக்குத் தலைவராயிருந்தவர் சார்ள்ஸ் டொட்டர். 32 வயதிலேயே அப்பதவியை அடைந்தவர். முந்திய ஆண்டு வேறொரு நோயாளிக்குப் படமெடுக்கக் குழாயை ஏற்றியபோது, இடுப்பு நாடியில் முற்றாக இருந்த அடைப்பை அக்குழாய் தற்செயலாகத் துளைத்துக்கொண்டு சென்றுவிட்டதை அவர் கண்டிருந்தார். தற்செயலாகச் செய்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்ற எண்ணம் அவரை விடவில்லை. அதே ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த மாநாட்டில், கத்தியின் வேலையைக் குழாய் செய்யும் காலம் வரும் என்று பேசியுமிருந்தார்.

1964 ஜனவரி 16 ஆம் திகதி லோரா ஷோவின் தொடை நாடியில் இருந்த குறுகலின் ஊடாக முதலில் கம்பியையும், அதன்மேல் ஒரு குழாயையும், அதன்மேல் இன்னும் பருத்த குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி வழியை அகட்டினார். பாதத்தில் சூடு திரும்பியது. நோவு நீங்கியது. புண் ஆறியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, வேறு நோயால் அவர் இறக்கும்வரை அந்தக் கால் அவரிடமே இருந்தது. டொட்டரும் அவருடைய துணைவர் ஜட்கின்சும் அதே ஆண்டு நவம்பரில் இச்சிகிச்சையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர்.

அதற்குப் பின் நடந்தது, நம் ஊர்களில் மட்டுந்தான் இப்படி நடக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அறியவேண்டியது. அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் பலர் டொட்டரைப் பைத்தியக்காரர் என்றனர்; 'கிறேஸி சார்ளி' என்று பட்டப்பெயரும் சூட்டினர். அவரிடம் படமெடுக்க நோயாளியை அனுப்பிய ஒருவர், படம் மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முயலவேண்டாம் என்று துண்டில் எழுதியே அனுப்பினார். படமெடுப்பவர் படமெடுக்கவேண்டும், வைத்தியம் செய்யலாகாது என்ற சாதியாசாரம் அது. டொட்டரோ கிற்றார் தந்தி, கார்களின் வேகமானிக் கம்பி என்று அகப்பட்டதையெல்லாம் கருவியாக்கிக்கொண்டிருந்தவர். தம் வீட்டு அறையில் நெருப்பூதியை வைத்துக்கொண்டு குழாய் வளைத்த பில் குக் என்ற இளைஞரை 1963 இல் ஒரு கண்காட்சியில் கண்டு அவரோடு கூட்டுச் சேர்ந்தார். இத்துறைக்கு இடையீட்டுக் கதிரியல் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் 1967 இல்தான் கிடைத்தது. பெயர் கிடைத்த பின்னும் அமெரிக்காவில் மதிப்புக் கிடைக்கவில்லை.

மதிப்பளித்தது ஐரோப்பா. மேற்கு ஜேர்மனியில் சைற்லர் என்பவர் டொட்டரின் முறையைக் கைக்கொண்டார். அவரிடம் கற்றவர் ஆந்திரேயாஸ் குறூன்சிக். குழாய்மேல் குழாயாகச் செலுத்தினால் குத்திய துவாரம் பெரிதாகிறது, அகட்டவும் அளவுண்டு. நுனியில் மெல்லிய பலூனைப் பொருத்தி உள்ளே கொண்டுசென்று அங்கு ஊதினால் என்ன? சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் பிளாஸ்ரிக் குழாயும் நூலும் பசையும் வைத்துக்கொண்டு, மனைவியும் உதவியாளர் மரியா ஸ்லும்ப்பும் துணையிருக்க, இரவிரவாக அவர் செய்த பலூன் 1974 பெப்ரவரியில் முதன்முதலாக ஒரு மனிதரின் கால் நாடியில் ஊதப்பட்டது. இதயத்தில் அது ஊதப்பட்டது 1977 செப்டெம்பர் 16 ஆம் திகதி. 'இதயத்துக்குப் பலூன் அடித்தார்கள்' என்று இன்று பேருந்தில்கூடப் பேசிக்கொள்கிறோம். அது காலில் பிறந்து இதயத்துக்குப் போன சிகிச்சை என்பதை அறிந்தவர் குறைவு. 1978 இல் குறூன்சிக்கின் உரையைக் கேட்ட ஆர்ஜென்ரீன வைத்தியர் ஹூலியோ பால்மாஸ், ஊதிய நாடி மீண்டும் சுருங்காதிருக்க உலோக வலைக்குழாய் ஒன்றைத் தாங்கலாக வைக்கும் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்டென்ட் என்று இன்று நாம் அறிவது அதன் வழி வந்தது. டொட்டர், ஜட்கின்ஸ், குறூன்சிக் மூவரும் ஒரே ஆண்டில், 1985 இல் மறைந்தனர். குறூன்சிக் தாமே செலுத்திய சிறு விமானம் வீழ்ந்து இறந்தபோது அவருக்கு வயது 46.

சிகிச்சை இன்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை எடுக்கப்போகிறார்கள் என்ற அச்சத்திலேயே வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர்கள் பலரை நான் அறிவேன். பொதுவாக முழு மயக்கம் கொடுப்பதில்லை. தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலான கவட்டில், மரக்கச் செய்த இடத்தில், செல்டிங்கர் காட்டிய வழியே ஊசியும் கம்பியும் செல்கின்றன. கதிர்ப்படத்தில் தெரியும் சாயமருந்தைச் செலுத்தியதும், மரத்தின் கிளைகள்போல நாடிகள் திரையில் கறுப்பாக விரிகின்றன. கிளை அறுந்து நிற்கும் இடம் அடைப்பு. கம்பியால் அடைப்பைக் கடப்பதுதான் கடினம், சில வேளை மணிக்கணக்காகும். கடந்துவிட்டால் பலூனை ஊதுவது சில நிமிட வேலை. வேண்டிய இடத்தில் ஸ்டென்ட் வைப்பார்கள். குத்திய இடத்தை அழுத்திப் பிடித்து, சில மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வீடு திரும்பலாம்.

எல்லாம் சரியாக நடப்பதற்கு ஒருவர் நேரத்தோடு அங்கு போய்ச் சேரவேண்டும். இந்த இடத்தில் திருகோணமலை மாவட்டத்தின் நில அமைப்பே ஒரு நோய்க் காரணியாகிறது. நெல்சன் புகழ்ந்த அந்த ஆழ்கடல் குடாவும் அதைச் சுற்றியுள்ள கழிமுகங்களும் கப்பலுக்கு வரம், நோயாளிக்குச் சாபம். கொட்டியாரக் குடாவின் அக்கரையில் உள்ள மூதூரிலிருந்து நகர வைத்தியசாலைக்கு வர நெடுங்காலம் லோஞ்ச் எனப்படும் விசைப்படகே வழி. மட்டக்களப்பு வீதியில் ஒவ்வொரு ஆற்று வாயிலிலும் 'பாதை' இருந்தது. எங்கள் பகுதிப் பேச்சில் பாதை என்றால் நடக்கும் வழி அன்று. வாகனத்தையும் மனிதரையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவை. இரவில் பாதை ஓடாது. கடல் கொந்தளித்தால் லோஞ்ச் ஓடாது. போர்க்காலத்தில் எது ஓடும் என்று எவரும் சொல்ல முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர்தான் அக்கரை மக்களுக்கு வைத்தியசாலை கிட்டியது எனலாம். அதன் பின்னும் 2021 நவம்பர் 23 ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாடே பார்த்தது.

பாலம் வந்ததால் நகரம் கிட்டியது. கதிர்ப்பட அறை கிட்டியதா? இத்தகைய சிகிச்சைக்குரிய கருவிகளும் நிபுணர்களும் நம் நாட்டில் பெரும்பாலும் பெருநகர்களின் போதனா வைத்தியசாலைகளிலேயே குவிந்துள்ளனர். திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கொழும்பு ஏறத்தாழ 260. வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருபவருக்கு இது இன்னும் கூடும். கறுத்த விரலுடன் இரவுப் புகையிரதத்தில் அமர்ந்து செல்லும் ஒரு மீனவர், முதல் நாள் பதிவு, அடுத்த கிழமை படம், அதற்கடுத்த மாதம் திகதி என்று அலையத் தொடங்கும்போது, காலை எடுத்துவிட்டால் நிம்மதி என்று அவரே சொல்லிவிடுகிறார். லோரா ஷோவின் பிடிவாதத்துக்கும் பேருந்துச் செலவுக்குப் பணம் வேண்டும்.

செயற்கைக் கால் விடயத்தில் நம்மவர் பின்தங்கி இருக்கவில்லை. 1968 இல் ராம் சந்தர் சர்மாவும் டொக்டர் சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், 1987 அளவில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலிழந்த எத்தனையோ பேரை மீண்டும் நடக்கவைத்தது. அந்தத் தொண்டைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், நீரிழிவால் காலிழக்கும் 65 வயதுக்காரரின் நிலை வேறு. 20 வயது இளைஞனைப்போல அவரால் செயற்கைக் காலுடன் பழகமுடிவதில்லை. மற்றக் காலின் நாடியும் அநேகமாக நோயுற்றதே. வீட்டின் திண்ணையில் ஒதுங்கியபின் அவர் அதிக காலம் இருப்பதில்லை. போரில் போன கால்களை எண்ணிக் கணக்கு வைத்தோம். நோயில் போகும் கால்களுக்குக் கணக்கு வைப்பார் இல்லை. பத்திரிகைக்கும் அது செய்தியன்று. நானிருந்த மேசைகளிலும் அது செய்தியாகக் கருதப்பட்டதில்லை.

பலூனைச் சர்வரோக நிவாரணியாக நான் காட்டுவதாக எவரும் எண்ணவேண்டாம். 1830 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2022 இல் வெளிவந்த வட அமெரிக்காவை மையமாகக் கொண்ட பரிசோதனை, காலில் நல்ல நாளம் இருப்பவர்களுக்கு மாற்றுவழிச் சத்திரசிகிச்சையே சிறந்தது என்று காட்டியது. 2023 இல் வந்த பிரித்தானியப் பரிசோதனையோ, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புகளில் குழாய்ச் சிகிச்சையை முதலில் செய்தவர்களே காலும் உயிருமாகக் கூடுதலாக எஞ்சினர் என்றது. நிபுணர்கள் இவ்விரண்டையும் வைத்து இன்னும் வாதிடுகின்றனர். எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பதவி சிறிபுரப் பக்கம் உள்ள விவசாயிகளிடையே, வடமத்திய மாகாணத்தில் உள்ளதுபோல, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. நாடியைப் படமெடுக்கச் செலுத்தும் சாயமருந்து பழுதுற்ற சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடும். அத்தகையோருக்குச் சாயமருந்தின் அளவைக் குறைத்தோ, அதற்குப் பதிலாகக் கரியமிலவாயுவைச் செலுத்தியோ படமெடுக்கும் வழிகள் உண்டு. அதற்கும் பழகிய கை வேண்டும்.

நிபுணர்கள் வாதிடாத விடயம் ஒன்றிருக்கிறது. உயிரைக் காக்க உடனே வெட்டியாகவேண்டிய கடும் அழுகலைத் தவிர, பெரிய அளவில் காலை அகற்றுமுன் அக்காலின் நாடிகளைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்பதே அது. 2019 இல் வந்த உலகளாவிய வழிகாட்டியின் போக்கும் இதுவே. ஆகவே, காலை எடுக்கவேண்டும் என்று கூறப்படும்போது நோயாளியின் மகனோ மகளோ பணிவுடன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: 'ஐயா, நாடிப் படம் பார்த்தாகிவிட்டதா? குழாய்ச் சிகிச்சை செய்பவரிடம் அனுப்பிப் பார்க்கலாமா?' இதனைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர் அதனை எதிர்பார்த்தே இருப்பார்.

அதற்கு முந்திய கட்டத்துக்குப் படமும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம். கணுக்காலில் இரத்த அழுத்தத்தை அளந்து கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டாலே அடைப்பின் அறிகுறி தெரிந்துவிடும். கையடக்கமான டொப்ளர் கருவி ஒன்றும் அழுத்தமானியும் இருந்தால் மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் இதனைச் செய்யலாம். நீரிழிவுக்காரரின் நாடி சுண்ணம் பிடித்து விறைத்திருந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்; அப்போது பெருவிரலில் அளக்கவேண்டும். எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் விரல் இருக்கிறது. சித்த மருத்துவ மரபு நாடி பார்ப்பதற்குப் பத்து இடங்களைச் சொல்லிற்று. நடைமுறையில் மணிக்கட்டு மட்டும் எஞ்சியது. அந்தப் பத்தில் முதலாவதாகச் சொல்லப்படுவது குதிச்சந்து. கணுக்காலின் உட்புற எலும்புக்குச் சற்றுப் பின்னால், குதிகாலுக்கு மேலே இரண்டு விரல்களை மெதுவாக வைத்தால், நல்ல காலில் அது துடிப்பது தெரியும்.